சேலை கட்டிக்கொண்டு இஸ்தான்புல் போகலாமா?

இரண்டு இதழ்களுக்கு முன் முழங்கால் வலி பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘இதே வலியோடுதான் 2024 அக்டோபரில் ஒன்பது நாள் தனியாக இஸ்தான்புல்லின் மேடுகளில் ஏறி இறங்கினேன்’ என்று பதிலில் ஒரு வரி எழுதினேன். முழங்காலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் இஸ்தான்புல்லைப் பற்றித்தான். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். மாமியார், மருமகள் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். அவை எங்கும் ஓடிப்போகாது.

எனக்கு 58 வயது. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு வெளிநாட்டு ஊரையாவது தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ‘வழி தவறினால் என்னம்மா செய்வீர்கள்?’ என்கிறான் மகன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பயம்தான்.
(திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி)

மகன் கேட்டதில் தவறில்லை. வழி தவறத்தான் போகிறீர்கள். 31 வருடம் பள்ளியில் புவியியல் நடத்திய நானே முதல் நாள் மாலையில், தங்கியிருந்த விடுதிக்குப் பின்பக்கத் தெருவில் நின்றுகொண்டு விடுதியைத் தேடினேன்.

மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் நடுவில் இருக்கும் சந்துகளில் நுழைந்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே மூன்று முறை வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நாம் கிழக்கு மேற்கு சொல்வதில்லை. ‘தெற்குக் கோபுரம் தெரிகிறதா? அதைப் பார்த்து நடங்கள்’ என்போம். அங்கேயும் நான் அதைத்தான் செய்தேன். பழைய நகரத்தில் இரண்டு பெரிய பள்ளிவாசல்கள் எதிரெதிரே நிற்கின்றன. நான்கு மினார் இருந்தால் ஹாகியா சோபியா. ஆறு இருந்தால் நீல மசூதி. என் விடுதி ஆறு மினாருக்குக் கீழே இரண்டாவது தெரு. மினாரை எண்ணத் தெரிந்தால் வீடு திரும்பலாம்.

இன்னொன்று, தேருக்கு நிலை இருப்பதுபோல உங்களுக்கும் ஒன்று வேண்டும். சித்திரைத் தேர் நான்கு மாசி வீதியையும் சுற்றட்டும். கடைசியில் கீழமாசி வீதித் தேரடிக்கு வந்தால்தான் ஊர் மூச்சுவிடும். எனக்கு நிலை, சுல்தானகமத் டிராம் நிறுத்தம். முதல் நாள் அங்கிருந்து அரை மணி நேர நடைதூரம், அவ்வளவுதான். மறுநாள் டிராமில் நான்கு நிறுத்தம். மூன்றாம் நாள் கடல் தாண்டினேன். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. நிலையின் பெயர் ஒன்று போதும். விடுதி முகவரியைத் துருக்கிய மொழியில் எழுதித் தரச் சொல்லி அந்தத் தாளைப் பர்ஸில் வையுங்கள். என் தாள் கசங்கிக் கிழிந்ததே ஒழிய, ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கதையைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முடியாது. எமினோனு என்ற துறையில், ஒரு படகுக்கு ஒரு வாசல் என்று வரிசையாக இருக்கின்றன. நான் போக நினைத்தது உஸ்குதார். கூட்டம் ஒரு வாசலில் நுழைந்தது; நானும் நுழைந்தேன். டிராமுக்கு வாங்கிய இஸ்தான்புல்கார்ட் என்ற அட்டையையே படகு வாசலிலும் காட்டலாம். படகு கிளம்பிய பிறகு பக்கத்தில் இருந்த மாணவியிடம் “உஸ்குதார்?” என்றேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்து நாக்கைச் சப்புக்கொட்டினாள். அந்த ஊரில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். படகு போனது காடிகோய்க்கு.

நெஞ்சு திக்கென்றது. நடுக்கடலில் இறங்கவா முடியும்? உட்கார்ந்தேன். ஒருவர் தட்டில் தேநீர் கொண்டுவந்தார். இடுப்புச் சிறுத்த குட்டிக் கண்ணாடிக் குவளை, பால் இல்லை, ஓரத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டிகள். வெளித்தட்டில் நின்றவர்கள் எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்து வீச, கடற்காக்கைகள் அந்தரத்திலேயே கவ்வின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் நூல் மாதிரி ஒரு கோடு இழுத்து, ‘இது போஸ்பரஸ், இந்தப் பக்கம் ஐரோப்பா, அந்தப் பக்கம் ஆசியா, நீளம் சுமார் 30 கிலோமீட்டர், மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர்’ என்று ஒப்பித்தேனே, அந்தக் கோட்டின் வாயில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். சுமார் இருபது நிமிடத்தில் கண்டம் மாறிவிட்டது. எல்லோரும் காய்கறிப் பையோடு சாதாரணமாக இறங்கிப் போனார்கள். அழுகை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

காடிகோயின் மீன் சந்தை, ஊறுகாய்க் கடை, கடைவாசல் நாற்காலிகளில் தூங்கும் பூனைகள் என்று சாயங்காலம் வரை சுற்றினேன். உஸ்குதாரை இன்றுவரை பார்க்கவில்லை. அதில் வருத்தமும் இல்லை.

மகனிடம் சொல்லுங்கள்: அங்கே ஆபத்துக்கு அழைக்கும் எண் 112. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். தினமும் நம் நேரம் இரவு எட்டுக்கு, அதாவது அங்கே மாலை ஐந்தரைக்கு, நிலைக்கு வந்து அவனுக்குப் பேசுங்கள். இருட்டுவதற்குள் திரும்ப அதுவே ஒரு காரணமாகவும் இருக்கும். அந்த ஊரில் விமான நிலையம் இரண்டு. ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றது ஆசியக் கரையில். டிக்கெட்டில் எது என்று பார்க்கும் வேலையை மகனிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் தடுக்க நேரம் இருக்காது.

மூன்று நாள்தான் விடுமுறை. இஸ்தான்புல் முழுவதையும் பார்க்க அட்டவணை போட்டுத் தருவீர்களா?
(அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர்)

மாட்டேன். மீனாட்சியம்மன் கோவிலையே அரை மணி நேரத்தில் ‘முடித்து’விட்டு வெளியே வரும் பஸ் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் நான்.

மூன்று நாளுக்கு மூன்று இடம். தொப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை; அன்று போய்ப் பூட்டைப் பார்க்காதீர்கள். ஹாகியா சோபியா 537-இல் ஜஸ்டினியன் என்ற பேரரசர் காலத்தில் கட்டி முடித்த தேவாலயம். 1453-இல் பள்ளிவாசலாகி, 1935-இல் அருங்காட்சியகமாகி, 2020-இல் மறுபடி பள்ளிவாசலானது. 2024 முதல் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு 25 யூரோ கட்டணம், மேல்மாடத்துக்கு மட்டும் அனுமதி. நான் போனபோது நம் பணத்தில் சுமார் 2,300 ரூபாய். வயிறு எரிந்தது. மேலே ஏறி, சின்னச் சின்னக் கல் துண்டுகளைப் பதித்துச் செய்த ஏசுவின் முகத்தைப் பார்த்த பிறகு எரிச்சல் அடங்கியது.

மூன்றாவது, தெருவுக்கு அடியில் இருக்கிறது. நம் வண்டியூர்த் தெப்பக்குளம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அவர்கள் தெப்பக்குளத்தைத் தரைக்குக் கீழே கட்டி மூடிவிட்டார்கள். பெயர் யெரெபதான். ஆறாம் நூற்றாண்டுக் காரியம். ஒன்பது மீட்டர் உயரத்தில் 336 தூண்கள், வரிசைக்கு 28 வீதம் 12 வரிசை. சுமார் எட்டுக் கோடி லிட்டர் தண்ணீர் பிடிக்குமாம். நம் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். ஆகவே எண்ணிக்கையில் நாம்தான் ஜெயித்தோம் என்று மதுரைக்காரியாக ஓர் அற்பத் திருப்தி. ஆனால் அந்த இருட்டும், எங்கோ சொட்டுகிற நீரின் சத்தமும் நம் மண்டபத்தில் இல்லை. பல தூண்கள் வேறு பழைய கட்டடங்களிலிருந்து பிடுங்கி வந்தவை. உள்கோடியில் இரண்டு தூண்களின் அடியில் மெதூசா என்ற பாம்புக்கூந்தல்காரியின் தலை. ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். ஏன் அப்படி என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உயரத்துக்குப் பொருந்தும்படி கொத்தனார் திருப்பி வைத்திருப்பார் என்பது என் கட்சி.

நான் சைவம். முட்டைகூடத் தொடமாட்டேன். பட்டினிதானா?
(உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்)

கபாப் புகைக்கு நடுவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காலையில் வண்டியில் விற்கும் சிமித், நான் சொன்ன அந்த எள் வளையம். மதியம் மைசூர்ப் பருப்பைக் கடைந்த சூப், பெயர் மெர்ஜிமெக். நம் ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் எங்கோ நிற்கும், எலுமிச்சை பிழிந்து குடிக்க வேண்டும். சில இடங்களில் எலும்புச் சாறு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தோசைக்கல் மாதிரிச் சட்டியில் சுடும் கோஸ்லெமே கிடைக்கும். உப்புப் போட்ட மோரை அய்ரான் என்று விற்கிறார்கள். கறிவேப்பிலை, பெருங்காயம் இல்லாத மோர் மோரே அல்ல என்பவர்கள் சின்னப் பொட்டலத்தில் தாளிப்பைக் கொண்டுபோகலாம். நான் கொண்டுபோனேன்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?
(மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பத்துச் சொல்லோடு. அதில் ஒன்றைக் கற்கவே வேண்டியிருக்கவில்லை: தேநீர் அங்கேயும் சாய். தண்ணீர் சூ. இறைச்சி எத். ‘யோக்’ என்றால் இல்லை. ‘எத் யோக்?’ என்று கேள்விபோல இழுத்தே ஒன்பது நாள் சாப்பிட்டேன்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன், அம்மா. எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெர்தே, வீடுகளில். நாம் ‘கள்’ ஒட்டி, ‘இல்’ ஒட்டுகிறோமே, அதே வரிசை! விடுதியில் வேலை செய்த பையன் இதை விளக்கியபோது தமிழில் நான் பிரித்துக் காட்டினேன். வரவேற்பு மேசையில் அரை மணி நேரம் இரண்டு பேரும் சொற்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். அதற்காக இரண்டும் ஒரே குடும்ப மொழி என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள்; ஒட்டுவதில் மட்டும்தான் ஒற்றுமை.

அங்கே அறிமுகமில்லாதவர்களையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இளம்பெண்ணானால் அப்லா, அதாவது அக்கா. நான் போன இடமெல்லாம் தெய்ஸே, பெரியம்மா, சித்தி மாதிரி. டிராமில் ஏறினால் “தெய்ஸே” என்று யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். முதல் நாள் கொஞ்சம் கோபம் வந்தது. அப்லா என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

தனியாக வருகிறவர்களை ஏமாற்றுவார்களாமே?
(பழங்காநத்தத்திலிருந்து ஒரு வாசகர்)

ஏமாற்றுவார்கள். எந்த ஊரில் இல்லை? காலணிக்கு மெருகு போடுகிறவர் உங்களைக் கடந்து போகும்போது பிரஷ்ஷைத் தவறவிடுவார். எடுத்துக் கொடுத்தால், நன்றிக்கடனாக ஷூவைத் துடைத்துவிட்டு முடிவில் பெரிய தொகை கேட்பார். கலாட்டா பாலத்தருகே எனக்கும் ஒருவர் பிரஷ் போட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஆர்வமாகக் குனிந்தவர் என் காலில் ரப்பர் செருப்பைப் பார்த்தார். அந்த முகத்தை மறக்க முடியாது. பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஐயா, உங்களுக்குத்தான் அதிக எச்சரிக்கை. தனியாக நடக்கும் ஆண்களிடம் நட்பாகப் பேசி, ‘ஒரு பானம் அருந்தலாம் வாருங்கள்’ என்று கூட்டிப்போய் மலைபோல பில் போடும் கூட்டம் உண்டு. கம்பளக் கடைக்காரர் தேநீருக்கு அழைத்தால் போகலாம், நேரம்தான் போகும்.

விசா, விமானம்?
(மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

மதுரையிலிருந்து நேரடி விமானம் இல்லை. நான் சென்னை போய், வளைகுடாவில் மாறிப் போனேன். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் துருக்கிக்கு இணையத்திலேயே விசா எடுக்கலாம். இல்லாவிட்டால் முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். விதிகள் மாறும், டிக்கெட் வாங்குவதற்கு முன் பாருங்கள்.

சிரிக்காதீர்கள். எனக்குச் சேலை தவிர வேறு பழக்கம் இல்லை. அதோடு போகலாமா?
(சின்னாளபட்டியிலிருந்து ஒரு வாசகி)

சிரிக்கவில்லை. நானும் அப்படித்தான் போனேன். ஆறு சேலை கொண்டுபோனேன், மூன்று அதிகம். கல் பாவிய சரிவுகளில் கொசுவம் காலில் தட்டும். இரண்டு விரல் உயர்த்திக் கட்டுங்கள். படகில் காற்று முந்தானையைப் பறித்துவிடும், ஊக்கு இரண்டு கூடுதலாக. பள்ளிவாசலுக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும், தோளும் உடம்பும் மறைய வேண்டும். முந்தானை தலைக்குப் போய்விட்டால் இடுப்புக்கு ஒரு சால்வை வேண்டியிருக்கும்.

நீங்கள் சுங்குடி கட்டிக்கொண்டு போங்கள். சுலைமானியே பள்ளிவாசல் முற்றத்தில் ஓர் அம்மா என் சேலையின் புள்ளிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அச்சடித்ததா என்று சைகையில் கேட்டார். கைக்குட்டையில் ஒரு முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்குவதுபோலக் காட்டி, அவிழ்த்துக் காட்டினேன். கைக்குட்டையை வாங்கி அவரும் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். பிறகு திருப்பித் தரவில்லை.