மூன்று நாள் பட்டினி கிடந்தால் தடித்த இதயம் சுருங்குமா?

கேள்வி: வயது 53. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. எட்டு வருடமாக பிரஷர், நாலு வருடமாக சுகர். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. இப்போது எக்கோவில் இதயச் சுவர் 14 மி.மீ. தடித்திருக்கிறது என்கிறார்கள். மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்தால் 'ஆட்டோபேஜி' நடந்து இதயம் பழைய அளவுக்கு வந்துவிடும் என்று மகன் வீடியோவில் பார்த்திருக்கிறான். மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை விளக்க வேண்டும். நீங்கள் போடுவதில் சுகருக்கான கிளிமிப்பிரைடு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விடிவதற்கு முன் நெற்றி விளக்கும் கத்தியுமாகத் தோட்டத்து ஏற்றத்தில் ஏறினால், சர்க்கரை தாழ்ந்து அங்கேயே மயங்கி விழுவீர்கள், பக்கத்து மரத்தில் வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியாது. சரி, சுகர், பிரஷர் இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறேன் என்றால், பிரஷர் மறுபடி ஏறும், தடித்த சுவர் இன்னும் தடிக்கும்.

உங்கள் மகன் பார்த்தது முழுக்கப் பொய் இல்லை. ஆட்டோபேஜி என்பது செல் தனக்குள் பழுதான புரதங்களையும் கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாக்களையும் (செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் பகுதிகள்) ஒரு பையில் கட்டி, லைசோசோம் என்ற அமிலப் பைக்கு அனுப்பிக் கரைத்து, அந்தச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலை. இதற்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்த ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கொடுத்தார்கள். இதயத்துக்கு இந்த வேலை மிகவும் தேவை. ஏனென்றால் தோல் செல்லைப் போல இதயத் தசைச் செல் அடிக்கடி புதிதாகப் பிறப்பதில்லை, வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் புதுசாவதில்லை. நீங்கள் இளவட்டமாக இருந்தபோது இருந்த அதே செல்கள்தான் பெரும்பாலும் இன்றைக்கும் துடித்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே குப்பை சேர்ந்தால் அவைதான் கஷ்டப்படும்.

2007-இல் வந்த ஒரு ஆய்வில், வளர்ந்த சுண்டெலிகளின் இதயத்தில் மட்டும் ஆட்டோபேஜிக்குத் தேவையான ஒரு மரபணுவை எடுத்துவிட்டார்கள். இதயம் பெருத்து, விரிந்து, பலமிழந்தது. லைசோசோம் சரியாக வேலை செய்யாத டானன் நோய் என்று ஒன்று உண்டு. மிக அபூர்வம், அதிலும் சிறு வயதிலேயே இதயத் தசை தடிக்கும். அப்படியானால் ஆட்டோபேஜியைக் கூட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே 2007-இல் வேறொரு குழு, இதயத்துக்கு அதிக அழுத்தம் கொடுத்த சுண்டெலிகளில் ஆட்டோபேஜி கூடக்கூட இதயம் மேலும் கெட்டுப்போனதையும், அதைக் குறைத்தபோது பாதிப்பு குறைந்ததையும் காட்டியது. அழுத்தத்தில் தவிக்கிற செல், குப்பையோடு நல்ல சாமானையும் தின்ன ஆரம்பிக்கிறது. உங்கள் இதயம் எட்டு வருடமாக அழுத்தத்தில் இருக்கிறது. பட்டினி போட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்று எக்கோவிலோ ரத்தப் பரிசோதனையிலோ பார்த்துச் சொல்ல வழியே இல்லை. இதைச் சொல்லாமல் வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

எக்கோவில் அளந்த இதயத்தின் இடது கீழறைச் சுவர் சாதாரணமாக ஆண்களுக்கு 6 முதல் 10 மி.மீ. வரை இருக்கும். உங்களுக்குத் தடித்ததற்கு, பார்த்தவரை, காரணம் பிரஷர்தான். அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு செல்லும் பருத்திருக்கிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் அதோடு சேர்ந்து 'பெரிதாகு' என்று தூண்டுகிறது. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகை மாத்திரைகள் அந்த ஹார்மோனைத் தடுக்கின்றன. ஒழுங்காகப் போட்டால் தடிப்பு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லக் குறைகிறது என்பது மனிதர்களிலேயே பார்த்த உண்மை. நீங்கள் விட்டுவிட்டுப் போட்ட மாத்திரையும் இந்த வகைதான்.

அப்புறம் உப்பு. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் ஒரே இலையில் வந்தால் அன்றைய உப்பு அதிலேயே முடிந்துவிடும். நாள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம், அதுதான் கணக்கு. குளச்சல் மீன் பச்சையாகக் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு கருவாட்டுக்கு ஏங்க வேண்டாம். ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் விரதம் வேண்டாம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? மனைவியிடம் கேளுங்கள், பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறதா? இரண்டில் எது இருந்தாலும் தடிப்புக்கு வேறு காரணமும் தேட வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு நேராகப் போய்விடுங்கள், காலை வெட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்துத் தாளில் எழுதி, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.