வசை விளம்பரம் யார் கணக்கு?

வணக்கம்.

எங்கள் தொகுதியில் சென்ற தேர்தலின்போது ஒரு வேட்பாளரைத் திட்டித் துண்டறிக்கை, ஆட்டோ ஒலிபெருக்கி, உள்ளூர் கேபிளில் விளம்பரம் என்று அமர்க்களப்பட்டது. ஏதோ ஒரு விவசாயிகள் குழுவின் பெயரில் வந்தது. அப்படியொரு குழுவை அதற்கு முன்போ பின்போ இங்கே யாரும் பார்த்ததில்லை. எதிர் வேட்பாளரின் பிரச்சார வண்டியில் இருந்த அதே படம், அதே வாசகம். இந்தச் செலவு யார் கணக்கில் வரும்? வராது என்றால் சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு 40 லட்சம் உச்சவரம்பு எதற்கு?

வாசகர், திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

திருப்பூர்க்காரருக்கு ஜாப் ஒர்க் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பது ஒருவர், லேபிள் தைக்கச் சொன்னவருடையது. வசை விளம்பரத்தில் மட்டும் தைக்கச் சொன்னவர் அடுத்தவர் லேபிளை ஒட்டச் சொல்கிறார். கேட்டால் தனக்கு எதுவும் தெரியாது என்பார்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, வேட்பாளரும் அவருடைய முகவரும் செய்த செலவோடு, அவர்கள் அனுமதித்த செலவும் கணக்கில் ஏற வேண்டும். எழுத்துமூல அனுமதியின்றி வேறொருவர் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகச் செலவழித்தால் அது அந்த மூன்றாம் நபரின் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 176ஆம் பிரிவில் அதற்கு அபராதம் 10,000 ரூபாய் வரை. பழைய தண்டனைச் சட்டத்தில் வெறும் 500! லட்சக்கணக்கில் கொட்டுகிறவருக்கு இது டீச்செலவு. யாருக்கும் ஓட்டுக் கேட்காமல் ஒருவரைத் திட்டுவது மட்டும் எப்படி இன்னொருவரின் வெற்றிக்கான செலவாகும் என்று வக்கீல் வாதாடவும் இடமிருக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க ஒருமுறை முயற்சி நடந்தது. 1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதி பற்றிய வழக்கில், 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கட்சியோ நண்பர்களோ ஒரு வேட்பாளருக்காகச் செலவழிப்பதை அவர் அறிந்தும் மறுக்காமல் பயன் பெற்றால், அவர் அதை அனுமதித்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. வென்றவரின் பதவி போயிற்று. அதே மாதத்தில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று ஆக்கிவிட்டது. எத்தனையோ மசோதாக்கள் ஆண்டுக்கணக்கில் தூங்கும் நாட்டில் இந்த வேகத்தைப் பாருங்கள். அந்த விலக்கை நீக்க 2003 வரை ஆனது. இன்றும் கட்சிகளின் பொதுச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. நீங்கள் சொல்லும் 40 லட்சம் வேட்பாளருக்கு மட்டும்தான்.

ஓட்டுக்குப் பணம் கொடுத்தால் நடவடிக்கை வரும் என்பதை நம் அரவக்குறிச்சி 2016இல் பார்த்தது; தேர்தலே ரத்தானது. பொய்ப் பெயரில் திட்டியதற்காக எந்தத் தேர்தலும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

அமெரிக்க மத்தியத் தேர்தல் விதிகளில், வேட்பாளரின் பிரச்சாரப் படத்தையும் வாசகத்தையும் வெளியார் எடுத்துப் போடுவதே வேட்பாளரோடு கூட்டுச் சேர்ந்து செய்த விளம்பரத்தைக் கண்டுபிடிக்கும் அளவுகோல்களில் ஒன்று. ஆனால் அங்கே தேர்தல் ஆணையத்தில் ஆறு இடங்கள், நடவடிக்கைக்கு நான்கு பேர் ஆதரவு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று முட்டிக்கொண்டு பல புகார்கள் நின்றுபோயிருக்கின்றன.

உங்கள் ஊரில் ஒரே படம் என்பது சந்தேகத்துக்குப் போதும், நிரூபணத்துக்குப் போதாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை யாரும் எடுத்திருக்கலாம். அச்சகத்தைப் பிடியுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிட்டவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை அச்சகம் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பியிருக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்பாளரின் செலவுக் கணக்கை ஒரு ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். அதில் அதே அச்சகத்தின் ரசீது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிள் விளம்பரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி தேவை. விண்ணப்பித்தவர் யார் என்று அதையும் சேர்த்துக் கேளுங்கள்.