கொரியர் பெற்ற மேடையும் குடியேறியவர் பெறும் வேடமும்

தம்பி, பி.ரி.எஸ்., பிளாக்பிங்க் போன்ற கொரிய இசைக்குழுக்களை மேற்குலகமே கொண்டாடும் இக்காலத்தில் ஆசிய முகத்துக்கு இங்கே தடை இருக்காது என்றும், ஆகவே ரொறன்ரோவில் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு நடன, நடிப்புத் தேர்வுகளுக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் குளிருடுப்புக்கும் ஸ்காபரோவில் எவரும் வழி சொல்வார்கள். நான் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் தொண்ணூறுகளின் இறுதியில் இதே ஆசையோடுதான் நானும் இங்கு வந்திறங்கினேன்.

கொரியக் கலைஞர்கள் அடைந்தது பெரிய வெற்றி. அதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி உண்டு. 2018 இல் பி.ரி.எஸ். இசைத்தொகுப்பு அமெரிக்க இசை விற்பனையைத் தரப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2023 இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழாவின் முதன்மைக் குழுக்களில் ஒன்றாக பிளாக்பிங்க் மேடையேறியது. ஆனால் அவர்கள் இங்கே வரிசையில் நின்று அந்த இடத்தைப் பெறவில்லை. பல ஆண்டுப் பயிற்சியும், அதன் செலவைத் தாங்கிய நிறுவனமும், தாய்மொழியில் பாடினாலே வாங்குவதற்கு ஆயத்தமான ஒரு நாடும் பின்னால் இருக்க, நட்சத்திரங்களாகவே வந்தார்கள். அப்படியிருந்தும் 2019 இல் அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்.ரி.வி.யின் காணொளி விருதுகளில் கே-பாப் எனும் கொரிய இசைக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த காணொளிக்கான பட்டியலில் பி.ரி.எஸ். பெயர் இல்லை. பந்தியில் தனி இலை போட்டு ஓரமாக இருத்துவதை நான் மரியாதை என்று ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

அவர்களுக்கு முன் வந்தவர்களின் கதையையும் அறிந்துகொள்ளுங்கள். கிம் சகோதரிகள் மூவர், கொரியாவில் அமெரிக்கப் படையினர் முன்னிலையில் ஆங்கிலப் பாடல்களை ஒலியை மட்டும் மனனம் செய்து பாடியவர்கள், 1959 இல் லாஸ் வேகாஸ் வந்தார்கள். கொரியப் பெண்களான அவர்களை ஏற்றிய காட்சியின் பெயர் 'சைனா டோல்', அதாவது சீனப் பொம்மை, என்பதாக இருந்தது. பின்னர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சலிவன் நிகழ்ச்சியில் இருபது தடவைக்கு மேல் தோன்றுமளவுக்கு உழைத்து உயர்ந்தார்கள்.

நாமோ விருந்தாளிகளாக வரவில்லை, குடியேற வந்தவர்கள். நமக்குக் கிடைப்பது கடைக்காரர், வாடகைக்கார் ஓட்டுநர் வேடங்கள்தான். எனக்குக் கிடைத்த முதல் வேடமே பெற்றோல் நிலையக் காசாளர். வடஇந்தியர் பேசுவதாக அவர்கள் எண்ணிக்கொண்ட ஓர் உச்சரிப்பில், தலையை ஆட்டிப் பேசும்படி இயக்குநர் சொன்னார். என் ஊரில் எவரும் அப்படிப் பேசுவதில்லை என்று மறுத்தேன். வேடம் வேறொருவருக்குப் போயிற்று, அதன்பின் அந்த நிறுவனம் என்னை அழைக்கவேயில்லை. மேடை ஒளியமைப்பைக் கற்றுக்கொண்டு, எந்த அரங்கிலும் நம்பி அழைக்கும் தொழிலாளியாக என்னை நானே ஆக்கிக்கொண்டேன். புகழ்பெற்றவர்களுக்கும் இதே கதிதான். ஹொலிவூட்டில் குழந்தை நட்சத்திரமாக 1984 இல் அறிமுகமான, வியட்நாமில் பிறந்த நடிகர் கீ ஹுய் குவான், வேடங்கள் கிடைக்காமல் நடிப்பையே விட்டிருந்து, 2023 இல்தான் ஒஸ்கார் பெற்றார். ரொறன்ரோவில் ஒரு கொரியக் குடும்பத்தின் கடையைக் காட்டிய 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' தொடர் 2021 இல் முடிந்தபோது, கதை எழுதும் குழுவில் ஆசியர் போதவில்லை என்று அதன் நடிகர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். திரையில் முகம் தெரிவது ஒன்று, கதையை யார் எழுதுகிறார் என்பது வேறொன்று. நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள்.

நம்மவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அரங்கேற்றத்துக்கு மண்டபமும் விருந்துமாகப் பெருஞ்செலவு செய்யும் பெற்றோர், அதே பிள்ளை நடிப்பைத் தொழிலாகக் கேட்டால் முகம் கறுக்கிறார்கள். ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவின் தமிழ்ப் பெண் மைத்ரேயி இராமகிருஷ்ணன் பதினையாயிரம் விண்ணப்பங்களிலிருந்து தெரிவாகி 2020 இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் தோன்றியதும், அவர்களே எங்கள் பிள்ளை என்று உரிமை கொண்டாடினார்கள். அந்த உரிமையை அரங்குக்குச் சீட்டு வாங்கும்போது காட்டியிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் மேலே வந்திருப்பார்கள்.

தமிழ் வேர்கொண்ட லாரா ராஜ், கொரிய முறையில் பயிற்றப்பட்ட கட்ஸ்ஐ இசைக்குழுவில் இருப்பதைப் பார்த்துத்தான் உங்களுக்கு இந்த எண்ணம் வந்திருக்கும். அக்குழுவுக்கு வந்த ஒரு இலட்சத்து இருபதாயிரம் விண்ணப்பங்களில் எடுக்கப்பட்டவர்கள் ஆறு பேர்.

ஆகவே படிப்பை நிறுத்தாதீர்கள். மாணவர் அனுமதியில் வந்தவர் படிப்பைத் தொடராவிட்டால் இங்கே தங்கும் தகுதியே ஆட்டம் காணும். ஓய்வு நேரத்தில் நடன வகுப்புக்குப் போங்கள், சிறிய நாடகக் குழுக்களில் சேருங்கள். தேர்வுக்குக் கட்டணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஒப்பந்தம் வந்தால் சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். கொரியாவிலேயே 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து ரி.வி.எக்ஸ்.கியூ. இசைக்குழுவின் மூவர் 2009 இல் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டில்தான், ஏழு ஆண்டுக்கு மேற்படாத மாதிரி ஒப்பந்தத்தை அந்நாட்டு வணிக ஆணையம் கொண்டுவந்தது.