வெறும் மாத்திரை யாருக்கு? மருந்துச் சோதனை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 1990களில் எச்ஐவி உள்ள ஆப்பிரிக்கக் கர்ப்பிணிகளுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்களாமே?

பதில்: ஆமாம். ஏஇசட்டி மருந்து, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்று 1994லேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு தாய்க்குச் சுமார் 800 டாலர் செலவு. குறைந்த நாள் கொடுத்தால் போதுமா என்று பார்க்க ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் ஆய்வுகள் தொடங்கின. பலவற்றில் ஒரு பிரிவுத் தாய்மார்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரை. 1997ல் அமெரிக்க மருத்துவர்கள் பீட்டர் லூரியும் சிட்னி வுல்ஃபும் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

கேள்வி: பணத்துக்காகச் சோதனையில் சேரலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: முதல் பதிலை ஏற்க முடியவில்லை. அந்தத் தாய்மார்களுக்கு எப்படியும் ஒன்றும் கிடைத்திருக்காது. என்ன நஷ்டம்?

பதில்: அன்று ஆய்வை ஆதரித்தவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால் விடை சீக்கிரம் வரும் என்பதும் அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை: 1998ல் தாய்லாந்து ஆய்வு, குறுகிய கால மருந்தே தொற்றைப் பாதியாக்கும் என்று காட்டியது. ஆனால் 'எப்படியும் கிடைக்காது' என்பது விதியா? விலை வைத்தவர்கள் மனிதர்கள். அதே தாய்லாந்தில் ஹார்வர்டு குழு, எல்லாத் தாய்மார்களுக்கும் ஏஇசட்டி கொடுத்து, நாள் கணக்கை மட்டும் மாற்றிப் பார்த்தது. முடியாததாக இருந்தால் அவர்கள் எப்படிச் செய்தார்கள்?

கேள்வி: அப்படியானால் ஏழை நாட்டில் ஆய்வே கூடாதா?

பதில்: நான் எங்கே அப்படிச் சொன்னேன்? சோதனை முடிந்ததும் மருந்து அந்த ஊருக்கு வருமா என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

கேள்வி: நைஜீரியாவின் கானோ விவகாரம்?

பதில்: 1996, மூளைக்காய்ச்சல் பரவிய நேரம். ஃபைசர் மருந்து நிறுவனம் 200 பிள்ளைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குப் புது மருந்தான ட்ரோவனையும் மீதிப் பேருக்கு ஏற்கெனவே இருந்த மருந்தையும் கொடுத்தது. 11 பேர் இறந்தார்கள். இரு பிரிவிலும் இறப்பு உண்டு. பெற்றோருக்குச் சரியாக விளக்கினார்களா என்பதே வழக்கு. 2009ல் கானோ மாநிலத்தோடு 75 மில்லியன் டாலருக்குச் சமரசம்.

கேள்வி: சேர்ந்தால் எவ்வளவு தருவார்கள்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: அம்மாவை ஒரு சோதனையில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் செலவு, முடிந்த பிறகு மருந்து உண்டா, இரண்டும் அதில் இருக்க வேண்டும். பணம் பற்றி இனி யாரும் கேட்காதீர்கள்.