குழந்தைகள் இரவில் எங்கே தூங்குகிறார்கள்? முதலில் இதைக் கேளுங்கள்

கேள்வி: வெளிநாட்டில் ஒரு சமய அமைப்பு நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு ஒரு மாதம் தொண்டு செய்ய வரும்படி அழைத்திருக்கிறார்கள். 2 முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகள். எனக்குப் பயிற்சி எதுவும் இல்லை, ஆனால் குழந்தைகளோடு நன்றாகப் பழகுவேன். போகலாமா? எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: குழந்தைகள் இரவில் எங்கே தூங்குகிறார்கள்? பெற்றோர் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போகும் பகல்நேரக் காப்பகம் என்றால் தயக்கமில்லாமல் மேற்கொண்டு பேசலாம். குழந்தைகள் அங்கேயே தங்கி வளரும் இல்லம் என்றால் விஷயம் வேறு.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வொன்று, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, இரு தரப்பையும் பல ஆண்டுகள் கவனித்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பிறரோடு உறவு கொள்ளும் திறனும் மேம்பட்டன. உறவுப் பிணைப்பைப் பொறுத்தவரை இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். சிறு குழந்தைக்கு வேண்டியது தினமும் வந்து நிற்கும் அதே நாலு முகங்கள். மாதத்துக்கு ஒரு புதுமுகம் வந்து கொஞ்சிவிட்டுப் போனால், குழந்தை ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் இழக்கிறது. உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் முன்பின் தெரியாத உங்கள் மடியில் நாலு குழந்தைகள் ஏறி உட்கார்ந்தால், அதை உங்கள் ராசி என்று நினைக்காதீர்கள். நிலையான ஆள் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளிடம் காணப்படும் அடையாளம் அது.

இதற்குப் பண முகமும் உண்டு. இத்தகைய இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். தொண்டர்களும் நன்கொடையும் வந்துகொண்டே இருந்தால், வறுமையில் உள்ள குடும்பங்களிலிருந்து குழந்தைகளைத் திரட்டி இல்லத்தை நிரப்புவதும் நடக்கிறது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் குடும்பச் சூழலிலேயே மாற்றுப் பராமரிப்பு தரவேண்டும் என்கின்றன ஐ.நா.வின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். அநாதை இல்லங்களில் நடக்கும் தொண்டுத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்கும்படி ஐ.நா. பொதுச்சபை 2019-இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே தங்கும் இல்லமாக இருந்தால் குழந்தைகள் பக்கம் போகாத வேலையைக் கேட்டு வாங்குங்கள்: துணி துவைப்பது, சமையலறை, கணக்கு, கட்டடப் பழுது. ‘குழந்தைகளோடு இருந்தால்தான் தொண்டு’ என்று அவர்களே வற்புறுத்தினால் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பகல்நேரக் காப்பகம் என்று உறுதியானபின், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல இடம் காவல்துறை நற்சான்று, இரண்டு பேரின் பரிந்துரை, நேர்காணல் மூன்றையும் கேட்கும்; குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் தந்து கையெழுத்தும் வாங்கும். பணம் கட்டினால் போதும், நாளையே வரலாம் என்கிற இடத்தில் உங்களைப் போலவே யார் வேண்டுமானாலும் நுழையலாம். விசாவையும் கவனியுங்கள். சம்பளமில்லாத வேலையையும் பல நாடுகள் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை. ‘சுற்றுலா என்றே சொல்லிவிடுங்கள்’ என்று அமைப்பே யோசனை சொன்னால், அவர்கள் மற்ற சட்டங்களையும் அப்படித்தான் நடத்துவார்கள்.

தடுப்பூசிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி முன்பு போடாதவர்களுக்கு 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. சின்னம்மை வராதவர்களுக்கு அதற்கும் குறைந்தது நாலு வார இடைவெளியில் இரண்டு தவணை. கைக்குழந்தைகளும் அங்கே இருந்தால் கக்குவான் தடுப்பூசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். இதில் பலர் தவறவிடுவது காசநோய்ப் பரிசோதனை. தட்டம்மை ஊசி போட்ட சில வாரங்களுக்குத் தோல் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், இல்லாவிட்டால் நாலு வாரம் தள்ளிச் செய்யுங்கள். தோலில் போட்ட ஊசியின் முடிவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாமதமானால் மறுபடி முதலிலிருந்துதான்.

வேலையின் முதல் வாரம் பெரும்பாலும் கை கழுவுவதிலேயே போகும். டயப்பர் மாற்றிய பின்னும் மூக்குத் துடைத்த பின்னும் உணவு தொடும் முன்னும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். ஆல்கஹால் ஜெல் போதாது. காப்பகங்களில் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிடும் நோரோவைரஸ் அதற்கு எளிதில் மசியாது. உங்களுக்கே வயிறு கெட்டால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உள்ளே போகாதீர்கள்.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களைக் கையைப் பிடித்துத் தூக்குவதும், இரண்டு பேர் கை பிடித்து ஊஞ்சல் ஆட்டுவதும் வேண்டாம். முழங்கை மூட்டு நழுவிவிடும். தூக்குவதென்றால் அக்குளுக்குக் கீழே பிடியுங்கள். முழுப் பருப்பு, முழு திராட்சை, ஊதாத பலூன், உடைந்த பலூன் துண்டு ஆகியவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதால் பரிசுப் பையில் இவற்றுக்கு இடமில்லை. மிட்டாயும் வேண்டாம். எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாமை என்பது ஊழியருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எந்தக் குழந்தையோடும் கதவை மூடிக்கொண்டு தனியாக இருக்காதீர்கள். கழிப்பறைக்கு அழைத்துப்போவதும் உடை மாற்றுவதும் ஊழியர் வேலை. கேட்டாலும் இன்னொரு ஆள் பார்வையில் மட்டும் செய்யுங்கள். போனைப் பையில் வையுங்கள், முகம் தெரியும் படம் எடுக்காதீர்கள். காப்பகம் சொல்லியிருந்தாலும் அனுமதி தரவேண்டியது பெற்றோர்தான்.

சமய அமைப்பு என்பதால் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. காலை வழிபாட்டில் தொண்டர்கள் கலந்துகொள்வது கட்டாயமா, அமைதியாக நின்றால் போதுமா? உடைக்கு விதி உண்டா? சாப்பாட்டில் எதை விலக்குகிறார்கள்? இவையெல்லாம் அவர்கள் வீட்டு வழக்கம். ஏற்க முடியாததை வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், வந்தபின் வாதாட வேண்டாம். வேறு சமயத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சமயம் புகட்டச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தையின் சமயச் சுதந்திரத்தையும் அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் மதிக்கச் சொல்கிறது. உங்கள் சமயத்தை நீங்கள் அங்கே பரப்புவதற்கும் இதே விதிதான்.

பயிற்சி இல்லை என்றீர்கள். அப்படியானால் கிளம்பும் முன் குழந்தைகளுக்கான முதலுதவி வகுப்பு ஒன்றை முடித்துவிடுங்கள்; மூச்சடைப்பை நீக்குவதும் செயற்கைச் சுவாசம் தருவதும் பொம்மையை வைத்துப் பழகாமல் வராது. அங்கே போனதும் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அவசரப்படாமல், ஊழியர் கையை ஓய்விக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: விளையாட்டுப் பொருள் கழுவுவது, மெத்தை விரிப்பது, பழம் நறுக்குவது. குழந்தை அழுதால் முதலில் ஊழியரைக் கூப்பிடுங்கள். அவர் கை நிறைய வேலையாக இருந்தால் மட்டும் நீங்கள் குனியலாம்.

விடைபெறும் நாளைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஊழியரிடம் பேசி முடிவு செய்யுங்கள். ‘திரும்பி வருவேன்’ என்று சொல்லாதீர்கள், வரப்போவது உறுதியாக இருந்தாலொழிய. விழாவும் பரிசும் வேண்டாம். கடைசி மாலையில் வழக்கம்போல ‘போய்வருகிறேன், நாளைக்கு நான் வரமாட்டேன், அக்கா இருப்பார்’ என்று ஊழியரைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.