ஒரே பெட்டி, இரண்டு ரிசல்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பம்ப் மோட்டாருக்கு டிரைவ் போர்டு செய்கிறோம். அது வெளியே விடும் ரேடியோ இரைச்சலை அளக்கும் டெஸ்டில், ஒரு லேபின் 3 மீட்டர் சேம்பரில் (அலையை உறிஞ்சும் சுவர் கொண்ட மூடிய அறை, 3 மீட்டர் என்பது பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள தூரம்), 48 மெகாஹெர்ட்ஸில் வரம்புக்கு 3 டெசிபல் கைவசம் இருக்கப் பாஸ் ஆனது. வாடிக்கையாளர் சொன்ன இன்னொரு லேபில், 10 மீட்டர் திறந்தவெளி சைட்டில், அதே பெட்டி வரம்பைவிட 4 டெசிபல் கூடுதலாகி ஃபெயில். எதை நம்புவதுங்க?
(வாசகர், கணபதி, கோவை)

பதில்: முதலில் போர்டில் கையை வைக்காதீர்கள். ஃபில்டரை மாற்றி, ஃபெரைட் கோர் மாட்டி, மறுபடி லேபுக்கு அலைந்து பணத்தைக் கரைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் எடையில் தகராறு என்றால் முதலில் தராசைத்தானே பார்ப்போம்? இங்கே தராசு என்பது சைட்டும் (அளக்கும் இடம், சேம்பரானாலும் திறந்தவெளியானாலும்) ஆன்டெனாவும் சேர்ந்தது.

அந்தத் தராசைச் சோதிக்கும் முறைக்கு நார்மலைஸ்டு சைட் அட்டனுவேஷன், சுருக்கமாக என்.எஸ்.ஏ., என்று பெயர். ஒரு ஆன்டெனாவில் சிக்னல் அனுப்பி, மறு ஆன்டெனாவை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏற்றி இறக்கி, கிடைக்கும் அதிகபட்ச அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஓர் உயரத்தில் கூடும், ஓர் உயரத்தில் அடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த ஏற்ற இறக்கம். பிறகு இரண்டு கேபிளையும் நேரடியாக இணைத்து அளந்த அளவிலிருந்து இதைக் கழித்து, இரண்டு ஆன்டெனா ஃபேக்டரையும் (ஆன்டெனா தரும் வோல்டேஜை அலையின் பலமாக மாற்றும் எண்) கழித்தால் வருவது அந்த சைட்டின் என்.எஸ்.ஏ. குறையே இல்லாத தரைக்குக் கணக்குப் போட்டு வைத்த எண்ணிலிருந்து அது 4 டெசிபலுக்குள் கூடலாம், குறையலாம். 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை, ரேடியோ இரைச்சலை அளப்பதற்கான சர்வதேசத் தரமான சிஸ்பர் 16-1-4 சொல்வது இதைத்தான்.

அப்படியானால் ஒரு சைட் 3 டெசிபல் மேலே, இன்னொன்று 3 டெசிபல் கீழே இருந்தாலும் இரண்டும் தேறிய சைட்தான், அதிலேயே 6 டெசிபல் போய்விட்டது. 48 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 6 மீட்டருக்கு மேல், ஆகவே 3 மீட்டரில் ஆன்டெனா உங்கள் பெட்டிக்கு அரை அலைநீளத்தில்தான் நிற்கிறது. பி கிளாஸ் (வீடுகளில் பயன்படும் சாதனங்களுக்கான) வரம்பு அந்த அலைவரிசையில் 10 மீட்டருக்கு 30 டெசிபல், 3 மீட்டருக்கு 40 டெசிபல் என்று வைத்திருப்பது, தூரம் கூடக் கூட அலை அதே விகிதத்தில் தேயும் என்ற கணக்கில். இவ்வளவு கிட்டத்தில் அது அப்படியே நடக்காது. இதோடு மோட்டார் கேபிளை ஒரு லேபில் தொங்கவிட்டு, இன்னொன்றில் சுருட்டி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இரண்டு லேபிலும் என்.எஸ்.ஏ. ரிப்போர்ட்டைக் கேளுங்கள், அங்கீகாரச் சான்றிதழை மட்டும் காட்டினால் போதாது. 40 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை, ஆன்டெனா செங்குத்து நிலையில் இருக்கும்போது என்ன வருகிறது என்று பாருங்கள். சேம்பர் என்றால் டர்ன்டேபிளின் (பெட்டியை வைத்துச் சுற்றும் மேடை) நடுவில் மட்டும் அளந்தது செல்லாது, முன், பின், இடம், வலம் என்று எல்லா இடத்திலும் அளந்திருக்க வேண்டும். அப்புறம், ஒரு காம்ப் ஜெனரேட்டரை (சம இடைவெளியில் பல அலைவரிசைகளில் சிக்னல் விடும் சிறு கருவி) வாடகைக்கு எடுத்து இரண்டு இடத்திலும் ஒரே உயரத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதன் சிக்னல் மாறாதது. வரம்புகளின் 10 டெசிபலைக் கழித்த பிறகும் அதிலும் 7 டெசிபல் வித்தியாசம் வந்தால் கோளாறு சைட், ஆன்டெனா, தூரம் இந்த மூன்றில் ஒன்றில். ஒன்றிரண்டு டெசிபல்தான் என்றால் உங்கள் கேபிளைப் பாருங்கள்.

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் காடு சும்மா கிடக்கிறது. அதில் சொந்தமாக 10 மீட்டர் சைட் போடலாமா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: இடம் பெரிதாக வேண்டியதில்லைங்க. 20 மீட்டர் நீளம், 17.3 மீட்டர் அகலமுள்ள நீள்வட்டத்துக்குள் மரம், கம்பி, கொட்டகை எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான், ஏழு சென்ட்டுக்குள் அடங்கும். ஆனால் எனக்கு அதைவிடக் கவலை சுற்றுப்புறம். காற்றாலை, உயரழுத்த மின்கம்பி, எஃப்.எம். நிலையம், செல் டவர் எல்லாம் உங்கள் அளவுக்குள் வந்து உட்காரும். ஆகவே ஒரு பைசா செலவழிக்கும் முன் ஆன்டெனாவும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் கொண்டுபோய், காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். எதையும் ஆன் செய்யாதபோதே சுற்றுப்புறச் சிக்னல் வரம்புக்கு 6 டெசிபல் கீழே இல்லாத அலைவரிசைகள் நிறைய வந்தால் விட்டுவிடுங்கள்.

தரைக்கு வெல்டு மெஷ் போடுவதானால் கண்ணி 3 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், ஷீட்டுகள் சேரும் இடத்தைத் தொடர்ச்சியாக இணைத்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு சைட்டில் துருப்பிடித்த ஒரே ஒரு மூட்டுக்காக மாதக்கணக்கில் ஆன்டெனாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆன்டெனாவை ஏற்றி இறக்கும் 4 மீட்டர் மாஸ்ட் (கம்பம்) ஆடாமல் நிற்க வேண்டும்.

கேள்வி: ஆன்டெனாவோடு கம்பெனி தந்த ஃபேக்டர் பட்டியலே போதாதா?
(வாசகர், பெருந்துறை)

பதில்: போதாது. பெரும்பாலும் அது அந்த மாடலுக்கான பட்டியல், உங்கள் கையில் உள்ள ஆன்டெனாவுக்கானது அல்ல. 1982இல் ஆல்பர்ட் ஸ்மித் எழுதிய முறையில் மூன்று ஆன்டெனாக்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று சமன்பாடு கிடைக்கும், எந்த ஒன்றின் ஃபேக்டரும் முன்பே தெரியாமலே மூன்றையும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதற்கு நல்ல சைட் வேண்டும், சைட்டைச் சோதிக்க நல்ல ஆன்டெனா வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரத்தான் காலிப்ரேஷனுக்கென்றே, சாதாரண சைட்டைவிட மிகக் கறாரான சைட்டுகளை வைத்திருக்கிறார்கள். சான்றிதழ் வந்ததும் 3 மீட்டருக்கா, 10 மீட்டருக்கா, தரையின் பாதிப்பே இல்லாத ஃப்ரீ ஸ்பேஸுக்கா என்று முதலில் பாருங்கள். பைகோனிகல் ஆன்டெனாவை (கம்பிகளால் ஆன இரட்டைக் கூம்பு வடிவ ஆன்டெனா) படுக்கை நிலையில் தரைக்குக் கிட்டே கொண்டுவந்தாலே ஃபேக்டர் மாறும். கீழே விழுந்து ஒரு கம்பி வளைந்திருந்தால், தேதி பார்க்காமல் திரும்ப அனுப்பிவிடுங்கள்.