பையன் கையில் பொம்மை, பெண் கையில் லாரி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். விளையாட்டுப் பொருட்கள், மாறுவேட உடைகள், இவற்றில் ஆண்–பெண் என்று பிரிப்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெற்றோர், தாத்தா பாட்டி, சக ஆசிரியர்கள் என்று நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அதிகம் பேர் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு மூன்று வயது. அவன் அக்காவின் பாப்பா பொம்மையைத் தூக்கிக்கொண்டே திரிகிறான். குளிப்பாட்டுகிறான், தோளில் போட்டுத் தூங்க வைக்கிறான். "பொம்பளப் பிள்ளை மாதிரி வளர்க்காதே" என்கிறார் மாமனார். பொம்மையை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா?

வேண்டாம். அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அவனைக் குளிப்பாட்டினார்கள், தோளில் போட்டுத் தட்டினார்கள். அதையே அவன் இன்னொருவருக்குச் செய்து பார்க்கிறான். அவனைத் தூங்க வைத்தது அப்பா என்றால், அவன் இப்போது அப்பாவைப் போலத்தான் நடந்துகொண்டிருக்கிறான்.

2020-ல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 4 முதல் 8 வயது வரையிலான குழந்தைகள் பொம்மையோடு விளையாடும்போது மூளை எப்படி இயங்குகிறது என்று பதிவு செய்தார்கள். அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு பகுதி, குழந்தை தன்னந்தனியாகப் பொம்மையோடு இருந்தபோதும் சுறுசுறுப்பாக இயங்கியது. டேப்லெட்டில் தனியாக விளையாடியபோது அந்த அளவுக்கு இல்லை. இதில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வகுப்பில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. பொம்மையிடம் "அழாதே, வலிக்குதா?" என்று கேட்டுப் பழகிய பையன், பக்கத்தில் விழுந்தவனிடமும் போய் அதையே கேட்கிறான்.

சிலருக்கு உள்ளே இன்னொரு பயமும் இருக்கிறது; சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். பிள்ளை வளர்ந்து யாராக இருப்பான், யாரை விரும்புவான் என்பதையெல்லாம் மூன்று வயதில் தூக்கிய பொம்மை தீர்மானிப்பதில்லை. அதைப் பறித்தால் ஒன்று மட்டும் நடக்கும்: பாசமாக இருப்பது ஆம்பளைக்கு வெட்கக்கேடு என்று அவன் கற்றுக்கொள்வான். மாமனாரிடம் சண்டை போட வேண்டாம். "மாமா, நாளைக்கு இவனும் ஒரு பிள்ளையைத் தூக்கணுமே, இப்பவே பழகட்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பையன்களுக்குக் காரும் பெண்களுக்குப் பொம்மையும் பிடிப்பது பிறவிக் குணம்தானே? குரங்குகளிடம்கூட அப்படி இருப்பதாகப் படித்தேன்.

நீங்கள் படித்தது உண்மையான ஆய்வுதான். 2002-ல் வெர்வெட் குரங்குகளிடமும் 2008-ல் ரீசஸ் குரங்குகளிடமும் பொம்மைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002 ஆய்வில் 'பெண்களுக்கானவை' என்று வைத்த பொருட்களில் சமையல் பாத்திரமும் ஒன்று; பெண் குரங்குகள் அதை அதிகம் நாடின. பாத்திரம் எதற்கு என்று குரங்குக்குத் தெரியாது. அதன் நிறமோ வடிவமோ ஈர்த்திருக்கலாம். 2008 ஆய்வில் ஆண் குரங்குகள் சக்கரம் வைத்தவற்றை அதிகம் நாடின. பெண் குரங்குகளோ இரண்டு வகையையும் ஏறக்குறைய ஒரே மாதிரி எடுத்தன. அதாவது அவையும் சக்கரத்தைத் தள்ளி விளையாடத்தான் செய்தன.

பிறவியில் ஒரு சாய்வு இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு. உங்கள் மடியில் இருக்கும் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தச் சாய்வு தெரிய வருவதற்கு முன்பே பெரியவர்கள் நாம் புகுந்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. 1978-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சில சமயம் பையன் உடையும் சில சமயம் பெண் உடையும் போட்டு, முன்பின் அறியாத தாய்மாரிடம் விளையாடக் கொடுத்தார்கள். பையன் என்று நம்பியவர்கள் சுத்தியல் பொம்மையை நீட்டினார்கள். பெண் என்று நம்பியவர்கள் பாப்பா பொம்மையை. குழந்தை என்ன கேட்டது? ஒன்றும் கேட்கவில்லை.

கேள்வி: பிங்க் என்றால் பெண், நீலம் என்றால் ஆண். இது எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. 1918-ல் அமெரிக்காவில் குழந்தை உடை வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, பிங்க் அழுத்தமான நிறம், பையன்களுக்கு ஏற்றது; நீலம் மென்மையானது, பெண்களுக்கு நல்லது என்று எழுதியது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சிறு பிள்ளையாக 1884-ல் எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது. நீண்ட முடி, வெள்ளை கவுன். அந்தக் காலத்தில் அங்கே சின்னப் பையன்களின் வழக்கமான உடையே அதுதான்.

குழந்தைகளிடம் பார்த்தாலும் அப்படித்தான். 2011-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, பெண் குழந்தைகள் பிங்க் நிறத்தைத் தேடி எடுப்பது இரண்டு வயதைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது. பையன்கள் அதை ஒதுக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். 'நான் பையன்', 'நான் பெண்' என்பது புரியத் தொடங்கும் வயது அது.

கேள்வி: விளையாட்டுச் சாமான்தானே, இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்?

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுதான் பயிற்சி. கட்டைகளை அடுக்கும் பிள்ளைக்கு எது எதன் மேல் நிற்கும், எப்படித் திருப்பினால் பொருந்தும் என்பது கை வழியாக மனதில் ஏறுகிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை புதிர்ப் படங்களை அதிகம் சேர்த்து விளையாடிய குழந்தைகள், நாலரை வயதில் வடிவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதில் மேலாக இருந்தார்கள் என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. கட்டைகளை ஒரு பக்கமும் பொம்மைகளை ஒரு பக்கமும் பிரித்து வைத்தால் இரண்டு கூட்டத்துக்கும் பாதிப் பயிற்சிதான் கிடைக்கும்.

இன்னொரு ஆய்வும் என்னை யோசிக்க வைத்தது. 2014-ல் வெளியானது. 4 முதல் 7 வயதுப் பெண் குழந்தைகளுக்கு ஐந்து நிமிடம் மட்டும் பொம்மை கொடுத்தார்கள். சிலருக்கு பார்பி, சிலருக்கு உருளைக்கிழங்கு வடிவப் பொம்மை. பிறகு சில வேலைகளைக் காட்டி, "நீ இதைச் செய்வாயா? பையன்கள் செய்வார்களா?" என்று கேட்டார்கள். பார்பியோடு விளையாடிய பெண்கள், தங்களால் முடியும் என்று சொன்னதைவிட அதிக வேலைகளைப் பையன்களுக்குக் கொடுத்தார்கள். உருளைக்கிழங்கோடு விளையாடியவர்களிடம் அந்த இடைவெளி குறைவு. டாக்டர் உடை போட்ட பார்பியைக் கொடுத்தும் பலன் இல்லை. ஐந்து நிமிட விளைவு ஆயுசு முழுக்க நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைப் பருவம் அப்படிப்பட்ட எத்தனையோ ஐந்து நிமிடங்களால் ஆனது.

கேள்வி: என் ஐந்து வயது மகளுக்கு இளவரசி உடை மட்டும்தான் வேண்டும். ஜீன்ஸ் என்றால் அழுகை. நானோ வேலைக்குப் போகும் பெண். எங்கே தவறு செய்தேன்?

நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை. இந்த வயதில் பிள்ளைகள் விதிகளை மிகவும் கறாராகப் பிடித்துக்கொள்வார்கள். 'நான் பெண்' என்று தெரிந்துவிட்டது. அதை ஊருக்கே காட்ட மினுமினுக்கும் கவுன்தான் அவளுக்கு எளிய வழி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறேழு வயதுக்கு மேல் இந்தப் பிடிவாதம் தளர்ந்துவிடும்.

கவுனைத் தடுக்காதீர்கள். தடுத்தால், பெண்களுக்கானது எல்லாம் மட்டம் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். அது இன்னும் மோசம். அந்த இளவரசிக்கு வேலை கொடுங்கள். அவள் நாட்டில் பாலம் உடைந்துவிட்டதே, யார் கட்டுவது? குதிரைக்குக் காலில் அடிபட்டால் யார் கட்டுப் போடுவது? என் வகுப்பில் கிரீடம் வைத்த பெண்கள் மண்வெட்டியோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: அந்த உடையில் அவள் வந்து நிற்கும்போது நாம் என்ன சொல்கிறோம் என்று கவனியுங்கள். "ஐயோ எவ்வளவு அழகு!" என்பதோடு முடித்துவிடுகிறோம். சூப்பர்ஹீரோ உடையில் வரும் பையனிடமோ "யாரைக் காப்பாத்தப் போறே?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை அவளிடமும் கேளுங்கள்.

கேள்வி: பிங்க் நிறத்தில் கட்டுமானப் பொருட்கள், அறிவியல் பெட்டி எல்லாம் வருகின்றனவே, வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். 'பையன் சாமான்' எனப்படுவதற்கு பிங்க் பூசினால் பெண் குழந்தைகளின் ஆர்வம் கூடுகிறது என்று 2014-ல் ஓர் ஆய்வு கண்டது. 2012-ல் விளையாட்டுக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் பெண்களைக் குறிவைத்து 'ஃபிரெண்ட்ஸ்' வரிசையைக் கொண்டுவந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. விற்பனையும் நன்றாகவே நடந்தது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. பிங்க் பெட்டி ஒரு பெண் குழந்தையை உள்ளே அழைக்கிறது. கூடவே, மற்ற பெட்டியெல்லாம் உனக்கில்லை என்றும் சொல்லிவிடுகிறது. அதே நிறுவனம் 2021-ல், தன் பொருட்களிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் பாலினப் பாகுபாட்டை நீக்கப் பாடுபடப்போவதாக அறிவித்தது.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது குழந்தைகளைப் பலமாகப் பாதிக்கும். 1995-ல் வெளியான ஆய்வில், பிள்ளைகள் அதுவரை பார்த்திராத கவர்ச்சியான பொம்மைகளைக் காட்டி, "இது பையன்களுக்கு", "இது பெண்களுக்கு" என்று சும்மா சொன்னார்கள். தங்களுக்கில்லை, மற்றவர்களுக்கு என்று கேட்டதும், நன்றாக இருந்த பொம்மைமீதே ஆர்வம் குறைந்துவிட்டது. அதனால் என் யோசனை: பொருளை வெளியே எடுத்து, அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பள்ளியில் மாறுவேடப் போட்டி. பையன்களுக்கு போலீஸ், விண்வெளி வீரர், டாக்டர்; பெண்களுக்கு தேவதை, நர்ஸ், பூ என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். என் மகளுக்கு விண்வெளி வீரராக வேண்டுமாம்.

அனுப்புங்கள். 1963-லேயே வாலன்டினா தெரெஷ்கோவா என்ற சோவியத் பெண் விண்வெளிக்குப் போய் வந்துவிட்டார். ஆசிரியருக்கு இந்த ஒரு வரி போதும். பட்டியலைப் பிரிக்காமல் ஒன்றாகவே கொடுக்கச் சொல்லியும் கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பல பள்ளிகளில் போன வருடத்துப் பட்டியலைத்தான் அப்படியே அனுப்புகிறார்கள்.

உடை வாங்கினால் கையில் எடுத்துப் பாருங்கள். பையன்களுக்கான உடையில் மார்பிலும் கையிலும் பஞ்சு வைத்துத் தசை தைத்திருப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு எதற்கு அது? அதே பாத்திரத்தின் 'பெண்' உடையில் பேன்ட்டுக்குப் பதில் குட்டைப் பாவாடை, மெல்லிய துணி. அதைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏற முடியாது. மகளுக்கும் பேன்ட் வைத்ததையே எடுங்கள்.

கேள்வி: என் நான்கு வயது மகன் பள்ளி விழாவுக்கு தேவதை உடைதான் வேண்டும் என்கிறான். வீட்டில் போடுவது சரி. வெளியே பிள்ளைகள் கேலி செய்வார்களே?

செய்யலாம். சமாதானத்துக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளை போலீஸ் உடை போட்டால் கைதட்டுவார்கள். பையன் சிறகு வைத்தால் முகம் சுளிப்பார்கள். பையன்களுக்குத்தான் வேலி உயரம். எனக்கு இதில் மனவருத்தம் உண்டு, அதனால்தான் பையன்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் அவனுக்கு அதில் என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். சிறகா, மினுமினுப்பா, பறப்பதா? சில சமயம் சிறகும் மந்திரக்கோலும் மட்டும் போதும் என்பான். முழு உடையும் வேண்டும் என்றால், சில பிள்ளைகள் சிரிக்கலாம் என்று முன்கூட்டியே, பயமுறுத்தாமல் சொல்லுங்கள். பதிலும் சொல்லிக் கொடுங்கள்: "எனக்குப் பிடிச்சிருக்கு, பறக்கிறவங்க எல்லாரும் போடலாம்." வீட்டில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி நடித்துப் பாருங்கள். ஆசிரியரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். கேலி தொடங்கும் நொடியில் பெரியவர் ஒருவர் "நம்ம வகுப்பில் யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் போடலாம்" என்று சாதாரணமாகச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். எல்லாம் கேட்ட பிறகு அவனே வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கொள்கைக்காக அவன் மேடையேற வேண்டியதில்லை.

கேள்வி: உறவினர்கள் தரும் பரிசுகளை என்ன செய்வது?

வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை முன்பே கேட்டால் "கட்டை, புதிர், களிமண்" என்று சொல்லிவையுங்கள். அண்ணன் தங்கை சாமான்களை ஒரே கூடையில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: கடைகளும் விளம்பரங்களும் மாறுகின்றனவா?

மெதுவாக. பிரிட்டனில் 2012-ல் பெற்றோர் சிலர் தொடங்கிய 'லெட் டாய்ஸ் பி டாய்ஸ்' (பொம்மைகள் பொம்மைகளாகவே இருக்கட்டும்) இயக்கத்தின் வற்புறுத்தலால் பல கடைகள் 'பையன்', 'பெண்' பலகைகளை எடுத்தன. அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனமான டார்கெட் 2015-ல் பொம்மைப் பிரிவில் அப்படிப் பிரிப்பதைக் கைவிடுவதாக அறிவித்தது. தீங்கான பாலினப் பிம்பங்களை விளம்பரத்தில் காட்டக் கூடாது என்ற விதி 2019 ஜூனில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் 2024 முதல் பெரிய கடைகள், ஆண்–பெண் என்று பிரிக்காத பொம்மைப் பகுதி ஒன்றையாவது வைத்தாக வேண்டும். 2012-ல் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தம்பிக்காக, பொம்மை அடுப்பின் பெட்டியில் பையன்களையும் காட்டுங்கள் என்று மனு போட்டாள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அந்த அடுப்பைத் தயாரித்த ஹாஸ்ப்ரோ நிறுவனம் கறுப்பு, வெள்ளி நிறத்தில் அடுப்பைக் கொண்டுவந்தது. கேட்டால் நடக்கிறது, அதனால் கேளுங்கள்.

கேள்வி: நானும் மழலையர் ஆசிரியைதான். வகுப்பில் மாறுவேடப் பெட்டி வைக்க வேண்டும். எதையெல்லாம் போடலாம்?

தைத்து முடித்த பாத்திர உடைகளைக் குறைத்து, எதுவாகவும் மாறக்கூடிய துணிகளை நிறைய போடுங்கள். நீளத் துண்டு மேலங்கியாகும், நதியாகும், பாப்பாவைக் கட்டும் தூளியாகும். தொப்பிகள், பழைய சட்டை, கைப்பை, ஸ்டெதஸ்கோப், கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி, பட்டன் ஃபோன். சொப்புச் சாமான்களையும் கருவிப் பெட்டியையும் அடுத்தடுத்த தட்டில் வையுங்கள். தூரமாக இருந்தால் அதுவே இரண்டு அணியாகிவிடும்.

கழுத்தில் முடிச்சுப் போடும் மேலங்கி கூடாது. இழுத்தால் உடனே பிரியும் ஒட்டுப்பட்டை வைத்துத் தையுங்கள். பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், இல்லையென்றால் தடுக்கி விழுவார்கள். துணிகளை வாராவாரம் துவையுங்கள், தொப்பிகளையும் சேர்த்து. பேன் பரவும் நாட்களில் தொப்பிகளை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.